சத்தியமங்கலம் காட்டில் புலிகளை எப்படி எண்ணுகிறார்கள்?

ஒவ்வொன்றாகப் பார்த்தா எண்ணுகிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. காட்டுத்தடத்தின் இருபுறமும் எதிரெதிராக, முழங்கால் உயரத்தில் இரண்டு கேமரா கட்டுவார்கள். புலியின் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் வேறு வேறு. ஒரு பக்கம் மட்டும் எடுத்தால் ஒரே புலி இரண்டாகிவிடும்.

அப்புறம் கணக்கு. ஆட்டுப்பட்டியில் 20 ஆட்டைப் பிடித்துச் சாயம் பூசி விடுங்கள். மறுநாள் 15 பிடித்ததில் 5 சாயம் பூசியவை என்றால், மூன்றில் ஒன்று. ஆக மொத்தம் சுமார் 60. புலிக்கு வரியே சாயம். கர்நாடகத்தின் நாகரஹொளே காட்டில் புலி ஆய்வாளர் உல்லாஸ் கரந்த் இதைச் செய்துகாட்டி 1995இல் வெளியிட்டார்.

ஆனால் பட்டிக்கு வேலி உண்டு. சத்தியமங்கலத்துப் புலி முதுமலைக்கோ பந்திப்பூருக்கோ போய்வரும். அதனால் இப்போது எந்தக் கேமராவில் விழுந்தது என்ற இடத்தையும் சேர்த்தே, நூறு சதுர கிலோமீட்டருக்கு எத்தனை என்று கணிக்கிறார்கள்.