கொலைகாரனின் முகம் எங்கே?

அன்புள்ள சார்,

என் பையன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். அமெரிக்காவிலிருந்து வந்த அவன் மாமா, 1950களின் திகில் காமிக்ஸ் அட்டைப்படங்களை மட்டும் தொகுத்த கனமான புத்தகம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். வெட்டுப்பட்ட தலை, சவக்குழியிலிருந்து நீளும் கை, உருகி வழியும் முகம். பையன் அதைக் கீழே வைப்பதில்லை. வீட்டில் எனக்கும் மனைவிக்கும் தினம் ஒரு சண்டை. இதில் ஒரு அட்டையின் அசல் ஓவியம் பல கோடிக்கு ஏலம் போனது என்று மைத்துனர் பெருமை வேறு பேசுகிறார். வயிற்றுப்பாட்டுக்காக அவசரத்தில் கிறுக்கித் தள்ளிய படங்கள்தானே இவை? திறமை இருந்தவன் பத்து சென்ட் புத்தகத்துக்கு ஏன் வரைகிறான்? இவற்றால் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று அங்கேயே ஒரு மனநல மருத்துவர் நிரூபித்ததாகவும் படித்தேன். புத்தகத்தை வாங்கி வைத்துவிடலாமா?

கே., திருப்பூர்

அன்புள்ள கே.,

கடிதத்தில் 'வயிற்றுப்பாடு' என்ற சொல் இல்லாமல் இருந்திருந்தால் இரண்டு வரியில் பதில் போட்டு முடித்திருப்பேன். சில நாட்களாக நான் ஜானி கிரெய்க் வரைந்த ஓர் அட்டையையே திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்த நேரம் பார்த்து நீங்கள் வந்து 'கிறுக்கித் தள்ளிய' என்கிறீர்கள்.

பல கோடி விஷயத்தை முதலில் தள்ளிவிடுகிறேன். உங்கள் மைத்துனர் சொன்னது பெரும்பாலும் அந்த அட்டையைத்தான். 'க்ரைம் சஸ்பென்ஸ்டோரீஸ்' 22ஆம் இதழ், 1954. அதன் அசல் 2021இல் 8,40,000 டாலருக்குப் போனது. போகட்டும், பணம் இருப்பவர்கள் வாங்குகிறார்கள். அந்த அசலில் ஒரு சொட்டு சிவப்பு கிடையாது என்பதை மட்டும் மைத்துனரிடம் சொல்லிவையுங்கள். அது வெறும் கறுப்பு மை. அந்தக் காலத்தில் ஓவியர் அட்டையில் மையால் வரைந்து கொடுப்பார். அதன் சிறு நகலில் இன்னொருவர் வண்ணம் தீட்டி, எந்த இடத்துக்கு எந்த வண்ணம் என்று குறிப்பு எழுதுவார். அதைப் பார்த்து அச்சுத்தகடு செய்வார்கள். அந்த இதழை வெளியிட்ட இ.சி. காமிக்ஸ் நிறுவனத்தில் இந்த வண்ண வேலையைப் பார்த்தவர் மேரி செவரின் என்ற பெண். படத்தில் கோரம் எல்லை மீறியது என்று தோன்றினால் அந்தக் கட்டம் முழுக்க அடர்நீலத்தை அடித்து மறைத்துவிடுவார் என்று ஒரு கதை உலவுகிறது. தணிக்கை செய்ததாக அவர் ஒப்புக்கொண்டதில்லை.

மருத்துவர் விஷயம். நீங்கள் சொல்வது ஃபிரெட்ரிக் வெர்தம். ஹார்லெமில் ஏழைக் கறுப்பின மக்களுக்காக லஃபார்க் மனநல மருத்துவமனையை நடத்தியவர். பள்ளிகளில் இனப்பிரிவினைக்கு எதிரான வழக்குக்கு அவருடைய ஆய்வு உதவியது. நல்ல மனிதர்தான், எனக்கு மரியாதை உண்டு. ஆனால் காமிக்ஸ் விஷயத்தில் அவர் நிரூபித்தார் என்று சொல்லாதீர்கள். கேரல் டில்லி என்ற ஆய்வாளர் அவருடைய குறிப்பேடுகளைப் புரட்டிப் பார்த்து, பிள்ளைகளின் வாக்குமூலங்களை அவர் வெட்டி ஒட்டி, திரித்துப் பயன்படுத்தியிருக்கிறார் என்று 2012இல் எழுதிவிட்டார். கட்டுரையைத் தேடிப் படியுங்கள். பாதி படித்துவிட்டு வந்து வீட்டில் சண்டை போடாதீர்கள்.

இப்போது அந்த அட்டை. புத்தகத்தில் நிச்சயம் இருக்கும், எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கோட் சூட் போட்ட ஓர் ஆண். ஒரு கையில் ரத்தம் படிந்த கோடாரி. இன்னொரு கையில் ஒரு பெண்ணின் தலை, பொன்னிற முடியைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கியிருக்கிறான். அவள் கண்மணிகள் மேலே செருகியிருக்கின்றன, வாயோரம் ஒரு கோடு ரத்தம். பின்னால் தரையில் அவள் கால்கள்.

1954 ஏப்ரல் 21 அன்று நியூயார்க்கில், இளம் குற்றவாளிகள் பிரச்சினையை விசாரித்த அமெரிக்க செனட் துணைக்குழு முன்னால் இந்த அட்டையைத் தூக்கிக் காட்டினார்கள். எதிரே உட்கார்ந்திருந்தவர் இ.சி.யின் முதலாளி வில்லியம் கெய்ன்ஸ், வயது 32. யாரும் இழுத்து வரவில்லை, தானாகவே சாட்சி சொல்ல வந்தவர். அவருடைய அப்பா அந்த நிறுவனத்தை ஆரம்பித்தது பைபிள் கதைகளைப் படமாகப் போடுவதற்கு. அப்பா படகு விபத்தில் இறந்த பிறகு மகன் பிணங்களை எழுப்பிவிட்டார், அது வேறு கதை. அன்றைக்கு அவர் உடம்பு இளைக்கும் மாத்திரை சாப்பிட்டிருந்தார். முதலில் சுறுசுறுப்பாகப் பேசியவர், மாத்திரையின் வேகம் இறங்க இறங்கத் தொய்ந்துபோனார்.

செனட்டர் கீஃபாவர் கேட்டார்: கோடாரியோடு ஒருவன் வெட்டிய தலையைப் பிடித்திருக்கிறானே, இது நல்ல ரசனை என்று நினைக்கிறீர்களா? கெய்ன்ஸ் சொன்னார்: ஆமாம் ஐயா, ஒரு திகில் காமிக்ஸின் அட்டை என்ற அளவில் நல்ல ரசனைதான். தலையை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கி, அதிலிருந்து ரத்தம் சொட்டுவது தெரிந்தால், உடம்பைக் கொஞ்சம் நகர்த்தி வெட்டுப்பட்ட கழுத்தைக் காட்டினால், அப்போது அது மோசமான ரசனை. வாயில் ரத்தம் வருகிறதே என்றார் செனட்டர். கொஞ்சம், என்றார் கெய்ன்ஸ்.

மறுநாள் நாடே சிரித்தது. பத்திரிகைகள் முதல் பக்கத்தில் போட்டன. இன்றைக்கும் காமிக்ஸ் வரலாறு எழுதுகிறவர்கள் இந்த இடத்துக்கு வந்ததும் 'பாவம் கெய்ன்ஸ், மாட்டிக்கொண்டார்' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு ஆற்றாமை இதில்தான். கெய்ன்ஸ் உளறவில்லை. அந்த அறையில் அன்றைக்கு ஓவியத்தைப் பற்றிப் பேசியவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் எல்லாரும் படத்தில் என்ன இருக்கிறது என்று பேசினார்கள். அவர் படம் எங்கே முடிகிறது என்று பேசினார்.

புத்தகத்தைப் பாருங்கள், கே. கொலைகாரனின் முகம் எங்கே? இல்லை. அட்டையின் மேல்விளிம்புக்கு வெளியே போய்விட்டது. அவன் சிரிக்கிறானா, அழுகிறானா, தெரியாது. பெண்ணின் கழுத்து எங்கே? கீழ்விளிம்புக்கு அப்பால். உடம்பு? கால் மட்டும்தான். வெட்டு விழுந்த இடத்தை நீங்கள் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. 'வெட்டுப்பட்ட தலை' என்று கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். வெட்டை எங்கே பார்த்தீர்கள்? நீங்களே வரைந்துகொண்டீர்கள். முதலில் கிரெய்க் கழுத்தையும் சேர்த்துத்தான் வரைந்தார், கெய்ன்ஸ்தான் படத்தை இறக்கிக் கழுத்தை மறைக்கச் சொன்னார் என்று சொல்வார்கள். அப்படியென்றால் செனட்டரிடம் அவர் வர்ணித்த மோசமான அட்டை, அவர் மேஜைக்கு வந்து திரும்பிப்போன அட்டை. அதனால்தான் அவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிந்திருக்கிறது.

திகில் அட்டை வரைகிறவனுக்கு வேலையே இதுதான். பேய் வரைய யாராலும் முடியும். விளிம்பை எங்கே போடுவது என்பதுதான் கஷ்டம். 1953இல் பெர்னார்ட் பெய்லி 'மிஸ்டர் மிஸ்டரி' 12ஆம் இதழுக்கு ஓர் அட்டை வரைந்தார். பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கம்பி ஒரு பெண்ணின் விரிந்த கண்ணை நெருங்குகிறது. தொடவில்லை. பெய்லி வெட்டியது நேரத்தை, கிரெய்க் வெட்டியது இடத்தை. இரண்டும் ஒரே கத்தரிக்கோல்தான். நீங்கள் சொல்லும் உருகி வழியும் முகம் லீ எலியாஸ் வரைந்தது, 'பிளாக் கேட் மிஸ்டரி' 50ஆம் இதழ் என்று நினைக்கிறேன். ரேடியத்தால் கரையும் முகத்தை நட்டநடுவில் வைத்து எல்லாவற்றையும் காட்டிவிட்டார். கைவேலை அபாரம். ஆனால் ஒரு தடவை பார்த்தால் தீர்ந்துபோகிறது. சேகரிப்பாளர்கள் அதைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள், கொண்டாடட்டும்.

கிரெய்க் மெதுவாக வேலை செய்கிறவர். கூட இருந்தவர்கள் மளமளவென்று கதைகளை முடித்துக் கொடுக்க, இவர் ஓர் இதழுக்கு ஒரு கதையும் அட்டையும் என்றுதான் கொடுப்பார். பெரும்பாலும் கதையையும் அவரே எழுதுவார். கோடுகள் அவ்வளவு சுத்தம். அவருடைய மனிதர்கள் எல்லாரும் தலை வாரி, இஸ்திரி போட்ட சட்டை அணிந்தவர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி. 'வால்ட் ஆஃப் ஹாரர்' 30ஆம் இதழ் அட்டையில் சுரங்க ரயிலின் கைப்பிடியில் ஒரு கை தொங்குகிறது. கை மட்டும். இதுதான் அவசரக் கிறுக்கலா? வயிற்றுப்பாட்டுக்கு வரைந்தார்தான், கே. சம்பளம் வாங்காமல் வரைந்தால்தான் ஓவியன் என்று உங்களுக்கு யார் சொன்னது? நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று தெரியாது. மாதக் கடைசியில் சம்பளம் வாங்குவதால் உங்கள் வேலை கிறுக்கல் என்று யாராவது சொன்னால் விடுவீர்களா?

இன்னொருவரையும் சொல்லிவிடுகிறேன், கிரஹாம் இங்கெல்ஸ். 'கோரம்' என்று பொருள் வரும் பட்டப்பெயரில் கையெழுத்துப் போட்டவர். 'ஹாண்ட் ஆஃப் ஃபியர்' அட்டைகளில் அழுகிய பிணங்கள் எச்சில் ஒழுக வருவது இவர் கைவண்ணம். பின்னாளில் ஃப்ளோரிடாவில் ஓவிய ஆசிரியராக ஒதுங்கி, திகில் படம் வரைந்தது நான் என்று சொல்லிக்கொள்ளவே விரும்பாமல் இருந்தார். அவரை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது. உங்களைப் போன்றவர்களின் பேச்சைக் கேட்டுக் கேட்டுத்தான் அப்படி ஆனாரோ என்னவோ.

என் வீட்டிலும் உங்கள் வீட்டுச் சண்டை நடந்திருக்கிறது. மூர் மார்க்கெட் எரிவதற்கு முன்பு அங்கே பழைய புத்தகக் கடைகளில் அமெரிக்கப் பத்திரிகைகள் குவியலாகக் கிடக்கும். அதில் வாரன் நிறுவனத்தின் திகில் பத்திரிகை ஒன்றை மாமா வாங்கிக் கொடுத்தார் (எல்லா வீட்டிலும் மாமாக்கள்தான்). 1954இல் பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு கட்டுப்பாட்டு விதி போட்டுக்கொண்டு, நடமாடும் பிணம், ரத்தக் காட்டேரி, ஓநாய் மனிதன் எல்லாவற்றையும் துரத்திவிட்டார்கள். தலைப்பில் 'ஹாரர்' என்ற சொல்லே வரக்கூடாது. பத்து வருடம் கழித்து வாரன், பெரிய அளவில் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டு, இது காமிக்ஸ் இல்லை, பத்திரிகை என்று சொல்லி அந்த விதியைத் தாண்டிப் போனார்கள். அப்படி வந்ததில் ஒன்றுதான் எனக்குக் கிடைத்தது. முன்னட்டையில் ஓநாய் மனிதன்.

பாட்டி பார்த்தால் பயந்துவிடுவாள் என்று அம்மா அதைப் பிடுங்கினாள். கிழிக்கவில்லை. பள்ளிக்கூடப் புத்தகத்துக்குப் போடுகிற பழுப்பு அட்டையைப் போட்டு, ஓரங்களை மடித்து ஒட்டி, மேலே லேபிளும் ஒட்டி, என் பெயர், வகுப்பு எல்லாம் எழுதி, பாடம் என்ற இடத்தில் 'ஆங்கிலம்' என்று எழுதிக் கொடுத்தாள். உள்ளே இருந்த கதைகள் ஒன்றும் ஞாபகமில்லை. ராத்திரி அலமாரியில் அந்தப் பழுப்பு அட்டைக்குப் பின்னால் அந்த ஓநாய் என்ன செய்துகொண்டிருக்கும் என்று யோசித்துக்கொண்டு படுத்திருந்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. அம்மா செய்ததும் கெய்ன்ஸ் செய்ததும் ஒரே வேலை என்று புரிய எனக்கு வெகுகாலம் ஆயிற்று. அம்மா இதைக் கேட்டால் அடிக்க வருவாள்.

சரி, பையன் விஷயம். வாங்கி வைக்காதீர்கள். வாங்கி வைத்தால் என்ன ஆகும் என்று இப்போதுதான் சொன்னேன். அவனுக்கு ராத்திரி தூக்கம் கெடுகிறது, சாப்பாடு இறங்கவில்லை என்றால் கொஞ்ச நாள் அலமாரியில் வையுங்கள், ஏன் என்று அவனிடம் சொல்லிவிட்டு வையுங்கள். மற்றபடி உங்கள் மனைவி சொல்வதைக் கேளுங்கள். அவர் எந்தப் பக்கம் என்று நீங்கள் எழுதவில்லை, இருந்தாலும் கேளுங்கள்.

எனக்கு ஓர் உபகாரம் செய்யுங்கள். இந்த மாதிரித் தொகுப்புகளில் சில பதிப்பாளர்கள் பக்கத்துக்குப் பொருந்தவில்லை என்று அட்டையின் ஓரங்களை நறுக்கிவிடுகிறார்கள். தலைப்பை எடுத்துவிட்டு நடுவில் இருக்கிற உருவத்தை மட்டும் பெரிதாக்கிப் போடுகிறவர்களும் உண்டு. இவ்வளவு நேரம் நான் கத்தியதற்குப் பிறகு அது எவ்வளவு பெரிய பாவம் என்று உங்களுக்கே தெரியும். உங்கள் வீட்டுப் புத்தகத்தில் விலை, மாதம், இதழ் எண் எல்லாம் விளிம்போடு முழுசாக இருக்கின்றனவா என்று பையனை விட்டுப் பார்க்கச் சொல்லி எழுதுங்கள். இருந்தால் பதிப்பாளர் பெயரையும் எழுதுங்கள், நானும் ஒன்று வாங்குகிறேன்.

அன்புடன்