பஸ், ரயில் வேலைநிறுத்தம் வாக்குப்பதிவை எப்படிப் பாதிக்கும்?

வாக்குச்சாவடி நடந்து போகும் தூரத்தில்தானே இருக்கிறது, பஸ் ஓடாவிட்டால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. அடி விழுவது வேலைக்குப் போய்த் திரும்பும் நேரத்தின் மேல்.

அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 2016-ல் நடந்ததைப் பாருங்கள். அங்கே போக்குவரத்தை நடத்துவது செப்டா. தொழிலாளர் ஒப்பந்தம் அக்டோபர் 31 நள்ளிரவோடு முடிய, நவம்பர் 1 அன்று ஏறத்தாழ 4,700 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். நகர பஸ், டிராம், சுரங்க ரயில் எல்லாம் நின்றன. புறநகர் ரயில்கள் மட்டும் ஓடின, அவற்றிலும் கூட்டம் தாங்கவில்லை. அதிபர் தேர்தல் நவம்பர் 8.

பிலடெல்பியா இருக்கும் பென்சில்வேனியா மாநிலத்தில் வாக்குப்பதிவு காலை 7 முதல் இரவு 8 வரை. வாக்களிக்க முதலாளி விடுப்பு தரவேண்டும் என்று மாநிலச் சட்டம் எதுவும் இல்லை. வழக்கமாக முக்கால் மணி நேரத்தில் வேலைக்குப் போகிறவர், பஸ் இல்லாமல் இரண்டு மணி நேரம் ஒதுக்கவேண்டி வந்தால், சாவடி திறக்குமுன் கிளம்பி, மூடும் நேரத்தில்தான் திரும்புவார். கார் இல்லாத கூலித் தொழிலாளி, இரண்டு ஷிப்ட் பார்க்கும் செவிலியர் போன்றவர்கள்தான் முதலில் விடுபட்டுப்போவார்கள்.

அன்றைய சட்டத்தில் மாற்றுவழியும் குறுகல். முன்கூட்டியே சாவடிக்குப் போய் வாக்களிக்கும் வசதி கிடையாது. தபால் வாக்குக்கு வெளியூர்ப் பயணம், நோய் போன்ற காரணம் காட்டவேண்டும். விண்ணப்பிக்கக் கடைசி நாள் நவம்பர் 1, அதாவது வேலைநிறுத்தம் தொடங்கிய அதே நாள். செப்டா நீதிமன்றத்துக்குப் போனது. 1970-ம் ஆண்டுச் சட்டப்படி பெரும்பாலான அரசுப் பணியாளர்களுக்கு அங்கே வேலைநிறுத்த உரிமை உண்டு. பொதுமக்களின் நலனுக்கு வெளிப்படையான ஆபத்து என்று நிரூபித்தால்தான் தடை கிடைக்கும். நல்லவேளையாக, 7-ம் தேதி அதிகாலையிலேயே உடன்பாடு வந்துவிட்டது. அதிபர் தேர்தலில் அந்த மாநிலத்தில் வெற்றி வித்தியாசம் சுமார் 44,000 வாக்குகள்தான். 2009-ல் அந்த நல்லவேளையும் இல்லை: உள்ளூர்த் தேர்தல் நாளான நவம்பர் 3 அன்று அதிகாலை 3 மணிக்கு வேலைநிறுத்தம் தொடங்கி வண்டிகள் நின்றுபோயின.

தொழிலாளர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஒரு நகரத்தின் வாக்குரிமையை 13 மணி நேரத்துக்குள் அடைத்துவைத்த சட்டத்தைத்தான் சொல்லவேண்டும். 2019-ல் வந்த சட்டத்தால் இப்போது காரணம் சொல்லாமலே தபால் வாக்கு பெறலாம்.

வாக்குப்பதிவு நேரத்தை நீட்டிக்கச் சொல்லலாமே என்பார்கள். நீதிமன்றம் நீட்டித்தாலும், அந்தக் கூடுதல் நேரத்தில் போடும் வாக்குகள் தற்காலிக வாக்குச்சீட்டுகளாகத் தனியே வைக்கப்படும். வழக்கு வந்தால் அவை எண்ணப்படாமலும் போகலாம். அதை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

நீங்கள் அங்கே வாக்காளர் என்றால், வேலைநிறுத்தப் பேச்சு காதில் விழுந்த அன்றே தபால் வாக்குக்கு விண்ணப்பியுங்கள். தேர்தலுக்கு முந்தைய செவ்வாய் மாலை 5 மணிதான் கெடு. சீட்டை முதலில் ரகசிய உறை என்னும் உள்ளுறையில் போட்டு, வெளியுறையில் கையெழுத்தும் தேதியும் இடுங்கள். உள்ளுறை இல்லாத வாக்கு செல்லாது. தேர்தல் நாள் இரவு 8 மணிக்குள் அது தேர்தல் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கவேண்டும். தபால் முத்திரைத் தேதி செல்லுபடியாகாது. நேரில் போடுவதானால் 8 மணிக்குள் வரிசையில் நின்றுவிட்டால் போதும், உள்ளே விட்டே ஆகவேண்டும். தபால் சீட்டு வாங்கி அனுப்பாமல் வைத்திருப்பவர்கள் சீட்டையும் வெளியுறையையும் சாவடியில் ஒப்படைத்தால் வழக்கம்போல வாக்களிக்கலாம். உறையை வீட்டில் விட்டுவிட்டுப் போனால் தற்காலிகச் சீட்டுதான் கிடைக்கும்.