குழந்தையின் மலத்தில் இரத்தம்: கொலனோஸ்கோபி எப்போது தேவை?

"நான்கு வயது மகனுக்கு மூன்று வாரங்களாக, மலம் கழித்து முடித்தபின் சில சொட்டு இரத்தம் விழுகிறது. வலிக்கிறது என்று அவன் சொல்வதில்லை. நன்றாகச் சாப்பிட்டு விளையாடுகிறான். இது மூலமா? கொலனோஸ்கோபி செய்ய வேண்டுமா?" என்று ஒரு தாய் கேட்டிருக்கிறார். கொலனோஸ்கோபி என்பது, கேமரா பொருத்திய வளையும் குழாயை ஆசனவாய் வழியாகச் செலுத்திப் பெருங்குடலின் உட்புறத்தைப் பார்க்கும் சோதனை.

சிறு குழந்தைகளுக்கு மூலம் வருவது அரிது. ஆகவே, பெரியவர்களுக்கான மூலக் களிம்பைத் தடவிப் பார்த்து நாளைக் கடத்த வேண்டாம். பீட்ரூட்டும் சிவப்பு நிறமூட்டி சேர்த்த மருந்துகளும் மலத்தைச் சிவக்கச் செய்யும் என்பதால், மலத்தின் நிறம் மட்டும் மாறியிருந்தால் அது இரத்தம்தானா என்று பரிசோதித்து உறுதி செய்துகொள்வோம். உங்கள் மகனுக்கு இரத்தம் சொட்டாகவே விழுவதால் அந்த ஐயம் குறைவு.

எந்தச் சோதனைக்கும் முன்பாக நான் கேட்பது, இரத்தம் மலத்தோடு எப்படி வந்தது என்பதைத்தான். இறுகிய மலத்தின் மேல் கோடு போல் ஒட்டியிருந்து, போகும்போது குழந்தை அழுதால், பெரும்பாலும் ஆசனவாய் வெடிப்பே காரணம். சளியோடு கலந்து, காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் சேர்ந்திருந்தால் சீதபேதி போன்ற தொற்றை நினைக்கிறோம். வலியில்லாமல், மலம் போன பிறகு பளிச்சென்ற சிவப்பில் சொட்டினால், 2 முதல் 10 வயது வரையான குழந்தைகளில் முதலில் நினைவுக்கு வருவது பாலிப், அதாவது குடலின் உட்சுவரில் காம்போடு தொங்கும் சிறு சதை வளர்ச்சி. வலியின்றியே இரத்தம் பெருமளவில் போனால், சிறுகுடலில் பிறவியிலேயே அமைந்த மெக்கல் பை எனும் சிறு புடைப்பு காரணமாக இருக்கலாம். அதைக் கண்டறிய, சிறிதளவு கதிரியக்கப் பொருளை ஊசி மூலம் செலுத்தி எடுக்கும் தனி ஐசோடோப்பு ஸ்கேன் உண்டு.

வயதும் முக்கியம். கைக்குழந்தை விட்டுவிட்டு வீறிட்டு அழுது, கால்களை மடக்கி, வாந்தி எடுத்து, சளியும் இரத்தமும் கலந்து செந்நிறக் கூழ் போல மலம் போனால், குடலின் ஒரு பகுதி மற்றொரு பகுதிக்குள் செருகிக்கொண்டிருக்கலாம். அது மணிக்கணக்கில் முடிவெடுக்க வேண்டிய அவசர நிலை; அல்ட்ராசவுண்டில் தெளிவாகத் தெரியும். குழந்தை வெளிறிச் சோர்ந்திருந்தாலும், நாடி வேகமாக ஓடினாலும், மலத்தில் இரத்தக் கட்டிகள் வந்தாலும் காத்திருக்கக் கூடாது. இரத்தம் இழந்த முதல் சில மணி நேரத்தில் ஹீமோகுளோபின் அளவு குறையாமல் இருக்கக்கூடும் என்பதால், அந்த ஒரு எண்ணை நம்பி யாரும் நிம்மதி அடைய வேண்டாம்.

இனி உங்கள் மகனுக்கு வருகிறேன். அவனைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, முழங்கால்களை மார்போடு சேர்த்து, நல்ல வெளிச்சத்தில் ஆசனவாயை மெல்ல விரித்துப் பார்த்தால், வெடிப்பு இருக்குமானால் பெரும்பாலும் நடுக்கோட்டில் சிறு கீறலாகக் கண்ணுக்கே தெரிந்துவிடும். எளிமையான இந்தப் பரிசோதனை பல குழந்தைகளுக்குச் செய்யப்படாமலேயே விடுபடுவது எனக்கு வருத்தம் தருகிறது. மருத்துவர் மறந்தால் நீங்களே கேளுங்கள். அடுத்து, உறையணிந்த விரலால் மலக்குடலைத் தொட்டுப் பார்த்தால், தாழ்வாக உள்ள பாலிப் சில சமயம் விரலில் தட்டுப்படும். இரத்தசோகை இருக்கிறதா என்று இரத்த அணுக்களின் எண்ணிக்கையும் பார்க்க வேண்டும்.

வெடிப்பு தெரிந்தால் மலத்தை இளக்கும் மருந்தைச் சில வாரங்கள் கொடுத்து, இரத்தம் நின்றுவிட்டால் கொலனோஸ்கோபி தேவையில்லை. வெடிப்பே இல்லை என்றாலோ, மலம் இளகிய பிறகும் சொட்டுவது தொடர்ந்தாலோ கொலனோஸ்கோபி செய்வதுதான் சரி. நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால் அதற்கே வாய்ப்பு அதிகம். மயக்க மருந்து கொடுத்துச் செய்யும்போது, பாலிப் இருந்தால் அதே அமர்வில் அகற்றிவிடலாம். இந்த வயதில் வரும் ஒற்றைப் பாலிப் அநேகமாகத் தீங்கற்றது என்பதால் இதில் பதற்றம் வேண்டாம். அகற்றியதைத் திசு ஆய்வுக்கு அனுப்புவார்கள்; ஒன்றுக்கு மேல் பல பாலிப்கள் இருந்தாலோ, குடும்பத்தில் வேறு எவருக்கேனும் பாலிப் இருந்திருந்தாலோ, தொடர்ந்து கண்காணிப்பது பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.