மறு: தூக்கமில்லாமல் இரண்டாவது படகு வாங்க நிற்கும் கணவர் (பாம்பன்)

வணக்கம் சகோதரி. மனநிலையைச் சீரா வைக்கிற லித்தியம் மாத்திரை சாப்பிடும் உங்க வீட்டுக்காரர் நாலு நாளா மூணு மணி நேரம்தான் தூங்குறார், மீன்பிடித் தடைக்காலம் முடியுறதுக்குள்ள நகையை அடகு வச்சு இன்னொரு படகு வாங்கணும்னு நிக்கிறார்னு எழுதியிருக்கீங்க. எனக்குப் படகை விடத் தூக்கம்தான் பெரிய கவலை. தூக்கம் குறைஞ்சும் களைப்பே இல்லைன்னா, மனஎழுச்சி (அளவுமீறின உற்சாகமும் வேகமும் வர்ற நோய்நிலை) திரும்புதுன்னு சந்தேகப்படணும். அப்போ லாபம் பெருசாத் தெரியும், நட்டம் உறைக்காது. கணக்குப் போட்டு வாதாடாதீங்க, கோபம்தான் மிஞ்சும். "ஒரு வாரம் நல்லாத் தூங்குங்க, அப்புறம் சேர்ந்து முடிவெடுப்போம்"னு தள்ளிப்போடுங்க. நகை உங்க அம்மா வீட்டுல இருக்கட்டும்.

நாளைக்கே மனநல மருத்துவரைப் பாருங்க. ரத்தத்துல லித்தியம் அளவு பார்க்க ரத்தம் கொடுக்கறது கடைசி மாத்திரைக்கு 12 மணி நேரம் கழிச்சு. காலை மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகு போடணும். மாத்திரையை நீங்களா கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம். கடலுக்குப் போறப்போ தண்ணி குறைஞ்சு வியர்த்தாலும், இடுப்பு வலிக்கு டைக்ளோபினாக், ஐபுபுரூஃபன் போட்டாலும் ரத்தத்துல லித்தியம் ஏறும். கை பலமா நடுங்கி, வாந்தி, தள்ளாட்டம், நாக்குக் குழறல் வந்தா உடனே அவசரப் பிரிவு.

சாகணும்னு பேசினா தனியா விடாதீங்க. 14416-க்கு (டெலி மானஸ் மனநல உதவி எண்) கூப்பிடுங்க, இரவு பகல் எடுப்பாங்க.

நல்லா இருக்கறப்பவும் எந்த வலைன்னு முடிவெடுக்கத் திணறுறார்னு கேட்டீங்களே, அது சோம்பல் இல்லை. மனநிலை சீரான பிறகும் சிலருக்குக் கவனம், ஞாபகம், திட்டமிடல் மந்தமாவே இருக்கும். டீசல், ஐஸ், ஆள்கூலியை நோட்டுல எழுதி, ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் கேளுங்க. லித்தியம் தைராய்டைக் குறைச்சாலும் இதே மந்தம் வரும், டிஎஸ்எச் (தைராய்டு பார்க்கிற ரத்தப்) பரிசோதனையும் கேட்டு வாங்குங்க.