ஓடாத எம்ஜிபி ரோட்ஸ்டரை ஸ்டார்ட் செய்து விற்பதா, அப்படியே விற்பதா?

கேள்வி: இங்கிலாந்தில் இருக்கிறேன். 1972 எம்ஜிபி ரோட்ஸ்டர் (கூரையில்லாத பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்று பன்னிரண்டு வருடமாகக் கராஜில் நிற்கிறது. இன்ஜின் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியாது. மெக்கானிக்கை வைத்து ஸ்டார்ட் செய்துவிட்டு விற்றால் நல்ல விலை வருமா?

பதில்:

அப்படியே விற்றுவிடுங்கள். மெக்கானிக்குக்குக் கொடுக்கும் காசு விலையில் திரும்பி வராது. 1962 முதல் 1980 வரை அபிங்டன் ஆலையில் ஜிடி என்ற கூரை வைத்த வகையையும் சேர்த்து ஐந்து லட்சத்துக்கு மேல் எம்ஜிபி செய்தார்கள். அதன் 1798 சிசி இன்ஜினுக்கு இன்றும் ஏறக்குறைய எல்லா உதிரிப்பாகமும் புதிதாகக் கிடைக்கிறது. பழைய காரை எடுத்துச் செய்கிறவருக்கு இன்ஜின் ஒரு கவலையே இல்லை. அவர் பார்க்க வருவது தகரத்தை.

எம்ஜிபிக்குத் தனிச் சேஸி கிடையாது. பாடிதான் சேஸி. கூரையும் இல்லாததால் காரின் முன்பாதியையும் பின்பாதியையும் பிடித்து வைத்திருப்பது கதவுக்குக் கீழே ஓடும் இரண்டு சில்கள்தான். ஒவ்வொரு சில்லும் வெளித்தகடு, நடுத்தகடு, உள்தகடு என மூன்று அடுக்கு. முன்சக்கரம் வாரியடிக்கும் சேறு, விங்குக்குள் (சக்கரத்தின் மேல் உள்ள மட்கார்டுக்குள்) இருக்கும் தடுப்புத் தகட்டின் ரப்பர் நைந்துபோன இடத்தில் புகுந்து, சில்லின் முன்முனையில் தங்கி ஊறுகிறது. அதனால் வெளியே பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே அரித்துவிடும்.

வாங்குபவர் வருவதற்கு முன் நீங்களே ஒரு டார்ச்சோடு உட்கார்ந்து பாருங்கள். கார் நான்கு சக்கரத்தில் நிற்கும்போது கதவை மூடி, அதன் பின்விளிம்புக்கும் பின் விங்குக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமாக இருக்க வேண்டும். மேலே நெருங்கிக் கீழே விரிந்திருந்தால், கார் நடுவில் தொய்ந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். பிறகு கதவைத் திறந்து கைப்பிடிப் பக்கம் மெல்லத் தூக்குங்கள். கதவு ஆடினால் கீல் தேய்மானமும் காரணமாக இருக்கலாம். ஆடாமலே இடைவெளி கோணலாக இருந்தால் குறை பெரும்பாலும் சில்லில்தான். கார்ப்பெட்டை உரித்து, தரைத்தகடு சில்லோடு சேரும் ஓரத்தை ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள். ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றிச் சில் நெடுகிலும் நகர்த்தினால், பட்டி அப்பிய இடத்தில் பிடி விட்டுவிடும். சரியான சில் முன் விங்குக்கு உள்ளேயும் தொடர்ந்து போகும். விங்கின் ஓரத்தோடு நின்றுவிட்டால், துருவின் மேலேயே இன்னொரு தகட்டை வைத்து வெல்டிங் அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

கண்டதை விளம்பரத்தில் அப்படியே எழுதுங்கள். சில் போன எம்ஜிபியை ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துச் செய்தால், முடிந்த காரின் விலையைவிடக் கூலி அதிகமாகிவிடும். ஆகவே உங்கள் காரை வாங்கப் போகிறவர் பெரும்பாலும் வெல்டிங் மெஷினைச் சொந்தமாக வைத்திருப்பவர். துருவைக் கண்டு அவர் பயப்பட மாட்டார். எத்தனை இடம், எவ்வளவு ஆழம் என்று தெரியாமல் போவதற்குத்தான் பயப்படுவார். அடிப்பக்கத்தில் புதிதாக அடித்த கருப்பு அண்டர்சீல் பூச்சும், அவசரமாகப் பூசிய பிரைமரும் அவரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். அந்த வேலையைச் செய்யவே செய்யாதீர்கள்.

இன்ஜின் ஓட வேண்டாம், சுற்றினால் போதும். ‘இன்ஜின் தடையில்லாமல் சுற்றுகிறது’ என்ற ஒரு வரிக்கு விலை உண்டு. நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு டீஸ்பூன் அளவு துரு தளர்த்தும் எண்ணெய் ஊற்றி, இரண்டு நாள் விடுங்கள். பிறகு நான்காவது கியரில் போட்டுக் காரை முன்னும் பின்னும் மெல்ல ஆட்டுங்கள். ரேடியேட்டர் ஃபேன் அசைந்தால் சுற்றுகிறது. அசையாவிட்டால் இன்னும் இரண்டு நாள் ஊற விடுங்கள், பலம் போடாதீர்கள். பிஸ்டன் வளையம் ஒட்டியிருக்கும் நிலையில் உலுக்கினால் உடைந்துவிடும். ஸ்டார்ட்டர் மோட்டாரைத் தொடவே வேண்டாம். பன்னிரண்டு வருடப் பெட்ரோல் எஸ்யு கார்புரேட்டரின் மிதவை அறையில் அரக்காகிக் கிடக்கும், டேங்கின் அடியில் துரு படிந்திருக்கும். பம்ப் ஓடினால் எல்லாம் முன்னே வந்துவிடும். ஆயில் மூடியின் உட்புறம் வெண்ணெய் மாதிரி படிந்திருந்தால் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று எழுதிவிடாதீர்கள். ஈரக் கராஜில் காற்றின் நீர் குளிர்ந்து சேர்ந்தாலும் அப்படித்தான் இருக்கும். ‘படிவு இருக்கிறது’ என்று மட்டும் சொல்லி, படத்தைப் போடுங்கள்.

உங்கள் நேரத்தை உருப்படியாகச் செலவழிக்கும் இடம் பிரேக். தள்ளினால் உருளும் காரை ஒரு ஆள் வின்ச் (கேபிளால் இழுக்கும் கருவி) வைத்து டிரெய்லரில் ஏற்றிவிடலாம். சக்கரம் ஜாம் ஆனதென்றால் பாதிப் பேர் வரவே மாட்டார்கள். பின்சக்கரம் இறுகியிருந்தால் ஹேண்ட்பிரேக்கை விடுவித்து, பின்தகட்டில் உள்ள சதுரத் தலை அட்ஜஸ்டரைத் தளர்த்தி, டிரம்மின் ஓரத்தைச் சுற்றிச் சுத்தியலால் தட்டுங்கள். கம்பிச் சக்கரமாக இருந்தால் நடு நட்டின் மரை இடப்பக்கமும் வலப்பக்கமும் எதிரெதிர். நட்டிலேயே கழற்றும் திசை எழுதியிருக்கும், செம்புச் சுத்தியலால் அடியுங்கள். தூக்கும்போது சில்லின் நடுவே உள்ள ஜாக்கி முனையை நம்பாதீர்கள். அரித்த சில்லில் ஜாக்கி உள்ளே ஏறிவிடும். முன் குறுக்குச் சட்டத்துக்கும் பின் ஆக்சிலுக்கும் கீழே கொடுத்துத் தூக்கி, ஸ்டாண்ட் வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே போகாதீர்கள்.

இருக்கைகளுக்குப் பின்னால் தரைப் பலகையைத் திறந்தால் இரண்டு 6 வோல்ட் பேட்டரி வைக்கும் பெட்டிகள் தெரியும். அமிலம் சிந்திப் பெட்டி அரித்திருப்பது எம்ஜிபியில் சகஜம். அதையும் படமெடுங்கள்.

அடுத்தது காரோடு சேர வேண்டிய சாமான். சாஃப்ட் டாப் துணி கிழிந்திருந்தால் பரவாயில்லை, அதை எப்படியும் மாற்றத்தான் போகிறார்கள். ஆனால் மடக்கு ஃப்ரேம், டானோ துணி (இருக்கைகளை மூடும் விரிப்பு), விண்ட்ஸ்கிரீனின் அலுமினியச் சட்டம், குரோம் பம்பர் இவற்றைக் கராஜின் எந்த மூலையில் இருந்தாலும் தேடி எடுத்து ஒரே இடத்தில் வைத்துப் படம் எடுங்கள். உங்களுடையது 1974க்கு முந்தைய குரோம் பம்பர் வண்டி, அதன் மதிப்பே தனி. கியர்பாக்ஸுக்குப் பின்னால் ஓவர்டிரைவ் (வேகமாகப் போகும்போது இன்ஜின் சுழற்சியைக் குறைக்கும் கூடுதல் கியர்) இருந்தால் தலைப்பிலேயே போடுங்கள். ஒன்றிரண்டு பாகத்தைத் தனியாக விற்கும் ஆசை வரும். விற்றால் மிச்சம் ‘பாகம் குறைந்த கார்’ ஆகிவிடும், அதன் விலை வேறு.

பேப்பர்களுக்கு வருவோம். பானட்டைத் திறந்து தகட்டில் உள்ள சேஸி நம்பரை வி5சி என்ற வாகனப் பதிவுப் புத்தகத்தோடு எழுத்துக்கெழுத்து ஒப்பிடுங்கள். அந்த வருட ரோட்ஸ்டருக்கு ஜிஎச்என்5 என்று தொடங்கும். புத்தகம் தொலைந்திருந்தால் வி62 படிவத்தில் விண்ணப்பித்து, கைக்கு வந்த பிறகு விளம்பரம் கொடுங்கள். புத்தகம் இல்லாத காரைத் துணிந்து வாங்குபவர் அடிமாட்டு விலைக்குத்தான் கேட்பார். 2005க்குப் பிந்தைய எம்ஓடி (வருடாந்தர வாகனத் தகுதி) சோதனை விவரங்களை நம்பர் பிளேட்டை வைத்தே யாரும் இணையத்தில் பார்க்கலாம். கார் கடைசியாக எப்போது சோதனைக்குப் போனது, எத்தனை மைல், எங்கே துரு என்று குறித்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். வாங்குபவர் முதலில் அதைத்தான் பார்ப்பார், நீங்கள் அதற்கு முன்பே படித்துவிடுங்கள். கார் சோர்ன் பதிவில் (சாலையில் ஓட்டவில்லை என்ற அறிவிப்பு) இருக்கிறதா என்றும் உறுதி செய்யுங்கள். நாற்பது வருடம் கடந்த கார் என்பதால் சாலை வரி கட்ட வேண்டியதில்லை, பெரிதாக மாற்றியமைக்காத காருக்கு எம்ஓடியும் கட்டாயமில்லை. ஆனால் அது ஓட்டத் தகுதியானது என்று ஆகாது. ‘சாலையில் ஓட்ட உகந்ததல்ல, டிரெய்லரில் மட்டுமே எடுத்துச் செல்ல வேண்டும்’ என்று விளம்பரத்திலும் ரசீதிலும் எழுதுங்கள். ‘உள்ளபடி விற்கப்படுகிறது’ என்ற வாசகம் பொய்யான வர்ணனையிலிருந்து உங்களைக் காப்பாற்றாது.

குறைந்தது நாற்பது படம் வேண்டும், அதில் பாதி காரின் அடிப்பக்கமும் சில்லும். கார் காய்ந்த பிறகு எடுங்கள். ஈரப் பெயின்ட் எல்லாக் குறையையும் மறைத்துவிடும், பழக்கப்பட்ட கண் அதைச் சந்தேகப்படும். விலை வைக்க, கேட்கும் விலைகளைப் பார்க்காதீர்கள். ஏலங்களில் ஓடாத குரோம் பம்பர் ரோட்ஸ்டர்கள் உண்மையில் விற்ற தொகையைப் பாருங்கள். எம்ஜி கார் கிளப் போன்ற சங்கங்களின் விளம்பரப் பகுதியில் போட்டால் விஷயம் தெரிந்தவர்கள் வருவார்கள், பேரமும் நியாயமாக நடக்கும்.

எடுக்க வருகிறவரிடம் நீளம் 3.89 மீட்டர், அகலம் 1.52 மீட்டர், எடை ஒரு டன்னுக்குச் சற்றுக் கீழே என்று முன்பே சொல்லிவிடுங்கள், சரியான டிரெய்லரோடு வருவார். பணம் உங்கள் வங்கிக் கணக்கில் ஏறியதை நீங்களே பார்த்த பிறகு வின்ச் கேபிளை மாட்டட்டும். வி5சியின் பச்சைத் துண்டை அவரிடம் கிழித்துக் கொடுத்து, புத்தகத்தின் 11 இலக்க எண்ணை வைத்து வாகனப் பதிவுத் துறையான டிவிஎல்ஏ தளத்தில் அவர் முன்னிலையிலேயே பெயர் மாற்றத்தைப் பதிவு செய்யுங்கள். உங்கள் சோர்ன் அவருக்குப் போகாது, அவர் தன் பெயரில் புதிதாகப் போட வேண்டும். அதையும் வண்டி கிளம்புவதற்கு முன் சொல்லி அனுப்புங்கள்.