டிரெய்லர் டயரின் உள்ஓரம் மட்டும் தேய்கிறதா? டயர் கடைக்குப் போகும் முன் ஆக்சிலைப் பாருங்கள்

கேள்வி: டெக்சாஸில் ஆஸ்டின் அருகே வசிக்கிறோம். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பழைய டிராவல் டிரெய்லர் (வண்டிக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் தங்கும் வண்டி) வாங்கினோம். இரண்டு ஆக்சில், நான்கு டயர். ஆக்சில் ஒவ்வொன்றும் 3,500 பவுண்டு, மொத்த எடை வரம்பு 7,600 பவுண்டு என்று ஸ்டிக்கரில் இருக்கிறது. டயர் எஸ்.டி. 205/75 ஆர்14, எடை தாங்கும் தரம் (லோட் ரேஞ்ச்) சி. இடப்பக்க முன்டயரின் உள்ஓரம் மட்டும் மொட்டையாகிவிட்டது. மற்ற மூன்றும் நன்றாக இருக்கின்றன. லோட் ரேஞ்ச் டி போட்டால் சரியாகிவிடும் என்கிறது ஒரு கடை. அலைன்மென்ட் செய்ய 400 டாலர் கேட்கிறது இன்னொரு கடை. கார் டயரே போதும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: முதலில் அந்த மொட்டை டயரைக் கழற்றி ஸ்டெப்னியை மாட்டுங்கள். அதோடு இனி ஒரு மைல்கூட ஓட்ட வேண்டாம். நெடுஞ்சாலையில் டிரெய்லர் டயர் வெடித்தால் காற்று போவதோடு நிற்காது. கிழிந்த ரப்பர் பட்டை சாட்டை மாதிரி சுழன்று அடித்து, டிரெய்லரின் அடித்தளத்தையும் குழாய், ஒயர்களையும் பிய்த்தெறிந்துவிடும்.

இனி விஷயத்துக்கு வருவோம். மூன்று பேர் மூன்று யோசனை சொல்லியிருக்கிறார்கள், ஆனால் அந்த ஒரு டயர் ஏன் தேய்ந்தது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. காரணத்தைக் கண்டுபிடிக்காமல் புது டயர் மாட்டினால், அடுத்த கோடைக்குள் அதே இடம் அதே மாதிரி மொட்டையாகும். கடைக்காரருக்கு அதில் நஷ்டம் இல்லை, இரண்டாவது முறையும் அவரிடம்தான் போவீர்கள்.

தேய்மானத்தைப் படிப்பது பெரிய வித்தை இல்லை. நடுப்பகுதி மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு, அல்லது பாரம் அதிகம். அங்கங்கே குழிகுழியாக இருந்தால் பாலன்சிங் இல்லை, அல்லது பேரிங் ஆடுகிறது. உள்ஓரம் மட்டும் தேய்ந்தால் சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்து நிற்கிறது, அல்லது சக்கரம் கோணலாக ஓடுகிறது என்று அர்த்தம். ஆக்சில் முழுவதும் பாரத்தில் தொய்ந்திருந்தால் அதே ஆக்சிலின் வலப்பக்க டயரும் உள்ளே தேய்ந்திருக்கும். உங்களுக்கு ஒரே ஒரு டயர். ஆகவே கோளாறு பெரும்பாலும் அந்த மூலையில்தான். ஹப் பேரிங் தளர்ந்திருக்கலாம். சக்கரம் உட்காரும் ஆக்சில் முனை எப்போதோ பள்ளத்திலோ நடைபாதை விளிம்பிலோ மோதி வளைந்திருக்கலாம். ஆக்சிலுக்கு மேல் உள்ள வில் தகடுகளை நம்மூர் லாரிக்காரர்கள் கமான் பட்டை என்பார்களே, அதைத் தாங்கும் போல்ட்டும் ஷாக்கிள் என்ற இணைப்புத் துண்டும் தேய்ந்து ஆக்சிலே நகர்ந்திருக்கலாம்.

இதை வீட்டு வாசலிலேயே சோதிக்கலாம். டிரெய்லரை நீங்கள் பயணம் போகும் பாரத்தோடு சமதளத்தில் நிறுத்துங்கள். ஒரு நீளமான ரசமட்டத்தைச் சக்கரத்தின் ரிம்மில் செங்குத்தாக வைத்து நான்கையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சாய்ந்திருந்தால் கண்ணுக்கே தெரியும். பிறகு டேப்பை எடுத்து, ஒரே ஆக்சிலின் இரண்டு டயர்களுக்கு இடையே முன்பக்கத் தூரத்தையும் பின்பக்கத் தூரத்தையும் அளங்கள். எட்டில் ஒரு அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சக்கரம் கோணலாக ஓடுகிறது. கடைசியாக, கொக்கி மாட்டும் கப்ளரின் நடுவிலிருந்து முன் ஆக்சிலின் இரண்டு முனைகளுக்கும் உள்ள தூரம் சமமா என்று பாருங்கள். சமமாக இல்லாவிட்டால் ஆக்சில் நகர்ந்திருக்கிறது.

பேரிங்கைப் பார்க்கச் சக்கரத்தைத் தூக்க வேண்டும். இங்கேதான் நிறையப் பேர் கெடுத்துக்கொள்கிறார்கள். ஜாக்கியை ஆக்சில் குழாயின் நடுவில் வைக்கவே கூடாது. வண்டியின் அடிச்சட்டத்தின் (ஃபிரேம்) கீழே வைத்துத் தூக்கி, ஸ்டாண்ட் கொடுத்த பிறகே கை வைக்க வேண்டும். அவசரக்கார மெக்கானிக் ஒருவர் குழாயின் நடுவில் ஜாக்கி கொடுத்து ஆக்சிலையே வளைத்துவிட்டுப் போனதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். டயர் மாற்றப் போன குடும்பம் ஆக்சிலும் மாற்ற வேண்டியதாயிற்று. ஆகவே கடையில் விட்டாலும் பக்கத்தில் நில்லுங்கள், எங்கே ஜாக்கி வைக்கிறார்கள் என்று பாருங்கள். சக்கரம் தூக்கியபின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் பேரிங். டிரெய்லர் பேரிங்குக்கு வருடம் ஒருமுறை அல்லது 12,000 மைலுக்கு ஒருமுறை கிரீஸ் மாற்ற வேண்டும். பழைய வண்டி வாங்கியவர்கள் இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

குழாய் நடுவில் லேசாக மேல்நோக்கி வளைந்திருப்பதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். பாரம் ஏறினால் நேராக வரட்டும் என்று அப்படித்தான் செய்திருக்கிறார்கள்.

ஒரு விதிவிலக்கு இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன், ஏனென்றால் அதைக் காட்டித்தான் இல்லாத நோய்க்கு வைத்தியம் செய்கிறார்கள். இரண்டு ஆக்சில் டிரெய்லரைக் குறுகலான முகாமில் ஒடித்து ரிவர்ஸ் எடுக்கும்போது நான்கு டயரும் ஒரே வட்டத்தில் உருள முடியாது. முன்னிரண்டு ஒரு பக்கமும் பின்னிரண்டு மறுபக்கமும் இழுபடும். கீழே குனிந்து பார்த்தால் ரப்பர் பக்கவாட்டில் பிதுங்குவது தெரியும், பார்க்கவே பயமாக இருக்கும். அடிக்கடி அப்படித் திருப்பினால் ஓரங்கள் இறகு மாதிரி ஒரு பக்கம் கூர்மையாகவும் மறுபக்கம் மழுங்கலாகவும் தேயும். ஆக்சிலில் ஒரு குறையும் இல்லாமலேயே இது வரும். எப்படிப் பிரித்தறிவது? திருப்பத்தால் வந்த தேய்மானம் ஒரு டயரோடு நிற்காது. நான்கிலும் இருக்கும், கூடக் குறைய இருக்கலாம், ஆனால் இருக்கும். உள்ளங்கையால் டயரைக் குறுக்கே தடவுங்கள். ஒரு திசையில் வழுவழுப்பு, எதிர்த்திசையில் சொரசொரப்பு என்றால் இறகுத் தேய்மானம். நான்கும் அப்படியிருந்தால் அகலமாகத் திருப்பிப் பழகுங்கள், அதுவே மருந்து. உங்களுக்கு மற்ற மூன்றும் நன்றாக இருப்பதால் இது உங்கள் கதை இல்லை. ஆனால் அலைன்மென்ட் கடைக்காரர் இந்தத் தேய்மானம்தான் என்று சொல்லி 400 டாலரை நியாயப்படுத்தப் பார்ப்பார், ஏமாறாதீர்கள்.

அந்த 400 டாலரைப் பற்றி இன்னொன்று. காரில் திருப்பிச் சரிசெய்யும் திருகுகள் இருக்கின்றன. கமான் பட்டை வைத்த டிரெய்லர் ஆக்சிலில் அப்படி எதுவும் கிடையாது. ஒன்று, ஹைட்ராலிக் வைத்து ஆக்சிலையே வளைத்து நிமிர்த்த வேண்டும், அல்லது மாற்ற வேண்டும். லாரி ஃபிரேம், ஆக்சில் வேலை செய்யும் பட்டறைகளில் இதைச் செய்வார்கள். ஆகவே 400 டாலர் கேட்பவரிடம், "எதைத் திருகிச் சரிசெய்வீர்கள்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதில் தடுமாறினால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

சரி, டயர். கார் டயர் வேண்டவே வேண்டாம். கார் டயரை டிரெய்லரில் போட்டால் அதன் தாங்கும் எடையை 1.1 ஆல் வகுக்க வேண்டும். 1,800 பவுண்டு என்று எழுதியிருந்தால் உங்களுக்கு 1,636 தான். பக்கச்சுவரும் மெல்லிசு, மேலே சொன்ன திருப்பத்தைத் தாங்காது. எஸ்.டி. என்றாலே டிரெய்லருக்கென்று செய்தது.

இப்போது உங்கள் கணக்கு. 205/75 ஆர்14 லோட் ரேஞ்ச் சி, 50 பி.எஸ்.ஐ. காற்றில் 1,760 பவுண்டு தாங்கும். ஒரு ஆக்சிலுக்கு இரண்டு டயர், 3,520. ஆக்சில் 3,500. மிச்சம் 20 பவுண்டு! சட்டம் கேட்பது டயர்களின் கூட்டுத்தொகை ஆக்சிலின் வரம்புக்குக் குறையக் கூடாது என்பதை மட்டுமே. சட்டத்தின் எல்லையைத் தொட்டு நிற்கும் டயரைப் போட்டு, குழந்தைகளை ஏற்றிக்கொண்டு டெக்சாஸ் வெயிலில் போகும் வண்டி என்று விற்றிருக்கிறார்கள். எத்தனை வருடம் சொல்லியும் எனக்கு இது ஆறவில்லை.

அதனால் லோட் ரேஞ்ச் டி நல்ல யோசனைதான், தேய்மானத்துக்கு மருந்தாக அல்ல, தாங்கும் எடையில் கொஞ்சம் மிச்சம் இருக்கட்டும் என்பதற்காக. இதே அளவில் டி 65 பி.எஸ்.ஐ.யில் 2,040 பவுண்டு தாங்கும். ஆனால் கடையில் பழைய ஸ்டிக்கரைப் பார்த்து 50 அடித்து அனுப்பினால் அது மறுபடி 1,760 தான். கூடுதல் காசு கொடுத்தும் பலன் பூஜ்யம். 65 அடிக்க ரிம் அதைத் தாங்க வேண்டும், ரிம்மின் உட்பக்கம் பொறித்திருக்கும் எண்ணைப் பாருங்கள். வால்வும் முக்கியம். சாதாரண ரப்பர் வால்வுக்கு 65 தான் உச்சம், ஓடிச் சூடானால் அழுத்தம் அதற்கும் மேலே போகும். உலோக வால்வு கேளுங்கள். சில டாலர்தான், ஆனால் நீங்கள் கேட்காவிட்டால் யாரும் போட மாட்டார்கள். காற்றைக் காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது அளங்கள். மதியம் கூடியிருக்கிறதே என்று திறந்துவிடாதீர்கள்.

டயர் டி ஆனாலும் ஆக்சில் 3,500 தான். சாமான் ஏற்ற அனுமதி கூடவில்லை. ஆகவே லாரி நிறுத்தங்களில் உள்ள 'கேட் ஸ்கேல்' (CAT Scale) நிறுவன எடைமேடையில் ஒருமுறை நிறையப் பாரத்தோடு எடை போடுங்கள். 20 டாலருக்குள் முடிந்துவிடும். 7,600 இல் 600 பவுண்டாவது இழுக்கும் வண்டியின் கொக்கியில் இறங்கினால்தான் ஆக்சில்களில் 7,000 நிற்கும். 40 காலன் தண்ணீர் மட்டுமே 330 பவுண்டுக்கு மேல். தொட்டியை நிரப்பிக்கொண்டு கிளம்பும் பழக்கம் இருந்தால் அதை விடுங்கள்.

வாங்கும்போது வயதைப் பாருங்கள். டயரின் பக்கச்சுவரில் டி.ஓ.டி. (DOT) என்று தொடங்கும் எழுத்துகளின் கடைசி நான்கு எண்கள், 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரம். இந்த முழு எண் டயரின் ஒரு பக்கத்தில்தான் இருக்கும். அது உள்பக்கம் போகும்படி மாட்டிவிட்டால் நீங்கள் கீழே படுத்துத்தான் பார்க்க வேண்டும். அதனால் மாட்டுவதற்கு முன்பே கேளுங்கள். கிடங்கில் மூன்று வருடம் கிடந்த டயரும் 'புதிது' என்றுதான் விற்கிறது. தேயாவிட்டாலும் 5 வருடத்துக்கு மேல் நான் டிரெய்லர் டயரை ஓட விடமாட்டேன். உங்கள் ஸ்டெப்னிக்கும் இதே கணக்குதான்.

வேகக் குறியீடு இல்லாத எஸ்.டி. டயர் மணிக்கு 65 மைல் வேகத்துக்கு மேல் ஓடச் செய்யப்பட்டதல்ல. உங்கள் ஊர்ப் பக்கம் 130 ஆம் எண் நெடுஞ்சாலையில் 85 மைல் பலகை நிற்கிறது. அது காருக்கு.

இன்னொரு விஷயம், பதிவுச் சீட்டு. டயரில் குறை தெரிந்து திரும்பப் பெறும்போது உங்களுக்குத் தகவல் வர வேண்டுமானால் டயர் எண் உங்கள் பெயரில் பதிவாகியிருக்க வேண்டும். கடைக்காரர் அந்தப் படிவத்தைத் தர வேண்டும், அல்லது தானே பதிய வேண்டும் என்பது விதி. கேட்காமல் யாரும் தந்து நான் பார்த்ததில்லை. கேட்டு வாங்குங்கள், ஆனால் அரசாங்கம் காப்பாற்றும் என்று சும்மா இருந்துவிடாதீர்கள். மோட்டார்ஹோம்களில் (தானே ஓடும் தங்கும் வண்டி) ஓடிய குட்இயர் ஜி159 டயர் 2003 இல் உற்பத்தி நின்றது. அதைத் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தது 2022 இல். அத்தனை வருடம் கழித்து யாருடைய வண்டியில் அந்த டயர் மிச்சம் இருக்கும்?

மாட்டியபின் நட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியால் மட்டும் இறுக்கி அனுப்ப விடாதீர்கள். டார்க் ரெஞ்சில் (எவ்வளவு இறுக்கம் என்று அளந்து காட்டும் ஸ்பானர்) இறுக்கச் சொல்லுங்கள். பிறகு 10, 25, 50 மைலில் நீங்களே ஒருமுறை சரிபாருங்கள்.

இந்த வாரம் ரசமட்டமும் டேப்பும் எடுத்து நான்கு சக்கரத்தின் அளவையும் எழுதி அனுப்புங்கள், எடைச் சீட்டையும் சேர்த்து. சாய்வு அந்த ஒரு மூலையில் மட்டும் இருந்து பேரிங்கும் ஆடாமல் இருந்தால், முன் ஆக்சிலை நிமிர்த்துவதா மாற்றுவதா என்று அந்த எண்களைப் பார்த்துச் சொல்கிறேன். டயர் பணத்தை அதுவரை பையிலேயே வைத்திருங்கள்.