ஔலுவில் பிஎச்டி: சைக்கிளையும் கேமராவையும் விட்டுவிடாதீர்கள்

"பின்லாந்தின் ஔலு பல்கலைக்கழகத்தில் வயர்லெஸ் நெட்வொர்க் ஆய்வுக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஊரில் சைக்கிளும் கேமராவுமாகத் திரிந்தவன் நான். இனி அதையெல்லாம் மூட்டை கட்டிவிட வேண்டியதுதானா அண்ணா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம் தம்பி. அதே பல்கலைக்கழகத்தின் லின்னன்மா வளாகத்தில் ஆய்வை முடித்து இங்கேயே வேலையில் அமர்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

படிப்பைப் பற்றிக் கவலை இல்லை. 2018-ல் தொடங்கிய 6ஜி ஃபிளாக்‌ஷிப் என்ற அடுத்த தலைமுறை செல்போன் நெட்வொர்க் ஆய்வுத் திட்டம் இந்தப் பல்கலைக்கழகத்தினுடையதுதான். உங்கள் துறைக்கு இதைவிட நல்ல இடம் குறைவு. பேராசிரியரைப் பெயர் சொல்லியே கூப்பிடுங்கள். அவர் வேலை சொல்லட்டும் என்று மட்டும் காத்திருக்காதீர்கள், அடுத்து என்ன என்பதை நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும்.

கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. ராத்திரி முழுக்க கம்ப்யூட்டரில் சிமுலேஷனை ஓடவிட்டுக் காலையில் பார்த்தால், வரைபடக் கோடு எதிர்பார்த்த பக்கமே வந்திருக்காது. வெளியே டிசம்பர், பகலே மூன்றரை மணி நேரம்தான். அந்த நாட்களில் லேபே கதி என்று கிடந்தவர்கள் சோர்ந்து போனதைப் பார்த்திருக்கிறேன். சாயங்காலம் போக ஓர் இடம் இருந்தவர்கள் தாக்குப்பிடித்தார்கள்.

அப்புறம், உங்கள் சைக்கிள் ஆய்வுக்கு வெளியே நிற்கும் விஷயமும் இல்லை. 6ஜிக்காக ஆராயப்படும் 140 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையின் நீளம் சுமார் 2 மில்லிமீட்டர்தான். குறுக்கே ஓர் ஆள் நின்றாலே சிக்னல் விழுந்துவிடும். காய்ந்த பனி அவ்வளவாகத் தடுக்காது, உருகுகிற ஈரப்பனிதான் சிக்னலை அதிகம் விழுங்கும். கட்டுரையில் ஒரு வரியாகக் கடந்துபோகிற இந்த வித்தியாசம், தினமும் மிதித்துப் போகிறவருக்குக் காலிலேயே தெரியும்.

கேமராவுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும், இன்னொன்றைச் சட்டையின் உள்பையில் வையுங்கள். வீட்டுக்குள் நுழையும் முன்பே கேமராவை பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக மூடிவிடுங்கள். இல்லாவிட்டால் லென்ஸ் முழுக்க நீர் கோத்துக்கொள்ளும். துருவ ஒளியைப் படம் பிடிக்க செப்டம்பர் முதல் மார்ச் வரை வாய்ப்பு உண்டு. கோடையில் இரவு இருட்டுவதே இல்லை.

சைக்கிளைப் பழையதாகவே வாங்குங்கள், குளிர்காலத்திலும் பாதைகளில் பனியைத் தள்ளிவிடுவார்கள். ஆணி பதித்த டயரை மட்டும் புதிதாக வாங்கி, அக்டோபர் முடிவதற்குள் மாட்டிவிடுங்கள். இருட்டில் ஓட்ட முன்விளக்கு, பின்விளக்கு இரண்டும் இங்கே சட்டப்படி கட்டாயம்.